சிலை தெரிகிறது, சிற்பி தெரிகிறானா?

கடலுக்கு ஓர் ஓசை உண்டு. கல்லுக்கும் ஓர் ஓசை உண்டு. இரண்டையும் ஒருசேரக் கேட்க வேண்டுமா? கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் நோக்கி வடக்கே செல்லும் சாலையில் ஒருமுறை வந்து பாருங்கள். அப்பால் அலை பாறையை அறையும். இப்பால் உளி பாறையை அறையும். அலை அறைவது அழிப்பதற்கு; உளி அறைவது ஆக்குவதற்கு!

அந்தச் சாலையோரப் பட்டறைகளின் முன்னே நின்றுகொண்டு உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். குமரி முனையில், முக்கடலும் முத்தமிடும் பாறையின்மீது, 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கிறாரே, அவரைக் கல்லிலே வடித்தவர் பெயர் என்ன?

திறந்து வைத்தவர் பெயர் தெரியும், கலைஞர். திறந்த நாள் தெரியும். 2000ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தபோது அந்தச் சிலை அசையாமல் நின்றது என்பதும் தெரியும்; அதை மேடைதோறும் முழங்கியும் இருக்கிறோம். ஆனால் சிற்பியின் பெயர்? கழகக் கூட்டங்களில் இக்கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் வரிசையில் மௌனம்; கடைசி வரிசையிலும் மௌனம். கைதட்டத் தெரிந்த நமக்கு, கை யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை!

நாடகம் எழுதுபவன் நான். எங்கள் துண்டறிக்கையில் அரசனாக வருபவன் பெயரும் இருக்கும். ஒளி அமைப்பவன் பெயரும் இருக்கும். திரை இழுப்பவன் பெயரைக்கூட நன்றியுரையில் சொல்லாமல் விடமாட்டோம். இரண்டரை மணி நேரக் கூத்துக்கு இந்த மரியாதை. இரண்டாயிரம் ஆண்டு நிற்கவேண்டிய கல்லுக்கு என்ன மரியாதை?

பெயரைச் சொல்கிறேன், கேளுங்கள். வை. கணபதி ஸ்தபதி.

1927இல் பிள்ளையார்பட்டியில், கல்லோடு கலந்த குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வைத்தியநாத ஸ்தபதி. மகன் உளி பிடித்ததோடு நிற்கவில்லை. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் பயின்று பட்டம் பெற்றார். 1957இல் மாமல்லபுரத்தில் அரசின் சிற்பப் பயிற்சிப் பள்ளி பிறந்தது. தந்தை அதன் தலைவரானார். அவருக்குப் பின் மகன் அப்பொறுப்பை ஏற்று, ஏறத்தாழ 27 ஆண்டுகள் அதை நடத்தி, கல்லூரியாக வளர்த்தார். பரம்பரையின் வாய்க்குள் அடைபட்டுக் கிடந்த கலையைப் பாடமாக்கினார், பட்டறையை வகுப்பறையாக்கினார். அப்பனிடமிருந்து பிள்ளைக்கு மட்டும் போன கல்வி, விண்ணப்பம் போட்டவனுக்கும் போகத் தொடங்கியது. இதனைச் சிறிய மாற்றம் என்றா நினைக்கிறீர்கள்? தோழர்களே, கருவிலே முடிவாகும் தொழிலைக் கல்லூரியிலே முடிவாகும் தொழிலாக மாற்றுவதுதானே நம் இயக்கம் கேட்டது!

பூம்புகாரின் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தபோது அவர் கைவண்ணம் இருந்தது. சென்னையில் வள்ளுவர் கோட்டம் எழுந்தபோதும் இருந்தது. கோட்டத்தை எழுப்பிய அரசை 1976 சனவரி 31இல் கலைத்தார்கள். எழுந்த கோட்டத்தை அதே ஆண்டு ஏப்பிரலில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது திறந்து வைத்தார். ஆட்சியைக் கலைக்க ஓர் ஆணை போதும். கல்லைக் கலைக்க எந்த ஆணையாலும் இயலவில்லை! 2009இல் அவருக்குப் பத்மபூசண் விருது கிடைத்தது. 2011இல் மறைந்தார். தில்லி அறிந்த அந்தப் பெயரை நம் தெரு அறியவில்லை என்பதே என் வழக்கு.

அறியாமைக்கு நாம் மட்டுந்தான் காரணமா? இல்லை. நமக்குப் பக்கத்தில் ஒரு மேதாவிக் கூட்டம் உண்டு. குளிரூட்டிய கூடங்களில் உலவும் கூட்டம். அது சொல்லும்: “ஸ்தபதியா? அவர் கலைஞர் அல்லர், கைவினைஞர். பழைய நூல் சொன்ன அளவின்படி கல்லை வெட்டுகிறார். கலை என்பது புதுக் கருத்து. கருத்தே கலை, கை வெறும் கருவி.”

அந்தக் கூட்டத்தார் வாய்நிறையச் சொல்லும் பெயர் ஒன்று உண்டு. கியூபாவில் பிறந்த ஒருவர் பெயர். அவர் கதையையும் கேட்போம். எதிரியின் சாட்சியை நம் பக்கம் அழைப்பதுதானே நல்ல வழக்குரைஞன் வேலை!

பெலிக்ஸ் கொன்சாலெஸ் தொரெஸ். மாமல்லபுரத்துச் சிற்பப் பள்ளி பிறந்த அதே 1957இல், கியூபாவின் குவைமாரோ என்னும் ஊரில் பிறந்தவர். 1971இல், அறியாச் சிறுவனாகத் தாய்மண்ணை விட்டு அனுப்பப்பட்டார். முதலில் ஸ்பெயின், பிறகு போர்ட்டோ ரிக்கோ, 1979இல் நியூயார்க். அங்கே படித்தார், அங்கேயே கலைஞரானார். அவருடைய அன்புத் துணைவர் ராஸ் என்பவர், எய்ட்ஸ் நோயால் 1991இல் மாண்டார். அந்த ஆண்டு கொன்சாலெஸ் தொரெஸ் ஒரு கலைப்படைப்பைச் செய்தார். என்ன செய்தார்? ஓவியம் தீட்டினாரா? இல்லை. சிலை வடித்தாரா? இல்லை. பலவண்ணத் தாள் சுற்றிய மிட்டாய்களைக் கூடத்தின் மூலையில் குவித்தார். எவ்வளவு? 175 பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ 79 கிலோ. ஏன் அந்த எடை? நோய் தின்னுமுன் துணைவரின் உடலுக்கு உரிய எடை அது! வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துத் தின்னலாம். குவியல் குறையும், நோயுற்ற உடல் குறைந்ததைப் போலவே குறையும். பிறகு மீண்டும் நிரப்பலாம்; நினைவு மீண்டும் நிறைவதைப் போல.

நான் எள்ளி நகையாடவில்லை, தோழர்களே. கண்ணீரை எடைபோட்டுக் காட்டிய கலை அது. நாடு கடந்தவன், நோயால் துணை இழந்தவன், அந்நோயால் தானும் 1996இல், 38 வயதில் மாண்டவன். பிறர் வாய்விட்டுச் சொல்லக் கூசிய அன்பை உலகின் முன்னே வைத்தவன். மறைந்து 11 ஆண்டுகள் கழித்து, 2007இல், வெனிசு நகரக் கலைவிழாவில் அமெரிக்க நாட்டின் சார்பில் அவர் படைப்புகளே வைக்கப்பட்டன. போற்றுவோம், தயக்கமின்றிப் போற்றுவோம்.

ஆனால் ஒன்று கேட்போம். மிட்டாயைச் செய்தவர் அவரா? இல்லை, ஏதோ ஓர் ஆலை. அவர் செய்தது என்ன? ஓர் எண்ணைத் தேர்ந்தார். அந்த எண்ணுக்குள் ஒரு வாழ்வை வைத்தார். “ஆகா, கருத்துருக் கலை!” என்கிறது மேதாவிக் கூட்டம். சரி. அப்படியானால் குமரிக்கு வாருங்கள்!

பீடம் 38 அடி. ஏன் 38? அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. அதன்மேல் சிலை 95 அடி. ஏன் 95? பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25, கூட்டினால் 95. மொத்தம் 133, குறளின் அதிகாரங்கள் அத்தனையும். வலக்கை விரல்கள் மூன்று வானை நோக்குகின்றன, முப்பாலும் அவை. இது வெறும் கணக்கா? கணக்குக்குள் கிடக்கும் கருத்தைப் பாருங்கள். அறம் அடியில் இருக்கிறது. அதன் தோள்மீது ஏறித்தான் பொருளும் இன்பமும் நிற்க வேண்டும். அடியைத் தகர்த்தால் பொருளும் இல்லை, இன்பமும் இல்லை, வள்ளுவரும் இல்லை! ஒரு நூலின் சாரத்தை உயரத்தாலே சொல்லிவிட்ட சிலை இது.

நம் மொழியின் நுட்பத்தையும் இங்கே காணுங்கள். ‘எண்’ என்றால் இலக்கம். ‘எண்’ என்றால் ‘நினை’ என்பதும் அதுவே. எண்ணிக்கையும் எண்ணமும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். எண்ணுக்குள் எண்ணத்தை வைக்கும் கலையைத் தமிழனுக்குக் கற்றுத்தர யாரும் கப்பலேறி வரவேண்டியதில்லை. 175 பவுண்டு கருத்தானால், 133 அடியும் கருத்துத்தான். அது கலையானால் இதுவும் கலைதான். அவர் கலைஞரானால் இவரும் கலைஞர்தான்!

மேடையிலே ஒரு காட்சி போட்டுப் பார்ப்போமா?

மேதாவி: இதை நீர் செய்தீரா?

சிற்பி: ஆம் ஐயா. முதலில் மரத்தால் மாதிரி செய்து பார்த்தோம். இடுப்பின் வளைவு கல்லுக்குத் தாங்குமா என்று கணக்குப் போட்டோம்.

மேதாவி: கணக்கா? அது பொறியாளர் வேலை. உமக்குக் கருத்து உண்டா?

சிற்பி: அறம் கீழே, பொருளும் இன்பமும் மேலே. அதுதான் கருத்து.

மேதாவி: அது வள்ளுவர் கருத்து!

சிற்பி: உண்மைதான் ஐயா. ஏட்டிலே அது அவருடையது. அதைக் கல்லிலே 7000 டன் எடையாக்கி, கடற்காற்றின் நடுவே நிறுத்தியது யாருடையது?

மேதாவி: (கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்) எனக்கு வேறு கூட்டம் இருக்கிறது.

திரை விழுகிறது. அந்தக் கூட்டத்துக்கு எப்போதும் வேறு கூட்டம் இருக்கும்!

இந்த ஏளனத்தின் வேர் எது? கலை என்றும் கைத்தொழில் என்றும் பிரித்த கத்தி எந்தப் பட்டறையில் அடிக்கப்பட்டது? மூளையால் உழைப்பவன் மேல். கையால் உழைப்பவன் கீழ். ஓதுகிறவன் உயர்ந்தவன், உளி பிடிக்கிறவன் தாழ்ந்தவன். இதே சட்டந்தானே நம்மை நூற்றாண்டுகளாய் வாசலுக்கு வெளியே நிறுத்தியது? சாமியைச் செய்தவன் கை வேண்டும். செய்து முடித்தபின் அவன் கருவறைக்குள் வேண்டாம்! அந்தச் சட்டம் இன்று பூணூலைக் கழற்றிவிட்டுக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, கலைக்கூடத்தின் வாயிலில் நிற்கிறது. ஆள் மாறவில்லை, ஆடைதான் மாறியிருக்கிறது.

இனி நம் வீட்டுக்குள்ளேயிருந்து எழும் கேள்வி. “கோயில் கட்டியவரைப் பகுத்தறிவாளர் போற்றலாமா?” என்று ஒரு தோழர் புருவம் உயர்த்துவார். நேர்மையான கேள்வி, நேராகவே விடை சொல்கிறேன். ஆம், அவர் கோயில்கள் கட்டினார். கடல்கடந்து அவாய்த் தீவிலும் ஒரு கோயிலுக்கு வரைவு தந்தார். வாஸ்து பேசினார். புராணத்து மயனே நடு அமெரிக்காவின் மாயர் நாகரிகத்துக்கும் ஆசான் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்குச் சான்றில்லை. நாம் அதை ஏற்கவில்லை. ஏற்பதாக நடிக்கவும் வேண்டாம். ஆனால் அவர் எழுப்பிய கல் நிற்பது மயனின் அருளாலா? இல்லை. சுமையறிந்த கணக்கால், கல்லின் குணமறிந்த கண்ணால், காற்றின் வலிவறிந்த அனுபவத்தால். அவர் நம்பியதை அவரிடமே விட்டுவிடுவோம். அவர் அறிந்ததை நாம் எடுத்துக்கொள்வோம். அறிவுக்கும் நம்பிக்கைக்கும் இடையே கோடு கிழிக்கத் தெரிந்தவன்தானே பகுத்தறிவாளன்? அந்தக் கோட்டைக் கிழிக்கச் சோம்பி, ஆளையே அழித்துவிடுவது பகுத்தறிவு ஆகாது.

வரலாற்றையும் மறைக்க வேண்டாம். குமரிச் சிலைக்கு 1979இல் அடிக்கல் நாட்டியவர் அன்றைய தலைமை அமைச்சர் மொரார்ஜி தேசாய். அப்போது இங்கே முதல்வர் எம்.ஜி.ஆர். கல்லோ அங்கேயே கிடந்தது. 1990இல், கலைஞர் ஆட்சியில், பணி தொடங்கியது. 1991 சனவரியில் ஆட்சி கலைக்கப்பட்டது. 1996இல் ஆட்சி மீண்டது, பணி விரைந்தது, 2000 பிறந்த அன்று சிலை திறந்தது. ஆட்சிகள் வந்தன, போயின. உளி மட்டும் ஒரே கையில் இருந்தது. 3681 கற்கள்! குமரியிலும் அம்பாசமுத்திரத்திலும் சங்கராபுரத்திலும் பட்டறைகள். செதுக்கிய கல்லைப் படகேற்றி, பாறைக்குக் கொண்டுசென்று, சவுக்கு மரச் சாரம் கட்டி, கயிற்றின் வலிவிலும் கரங்களின் வலிவிலும் மேலேற்றினார்கள். ஏறத்தாழ 500 சிற்பிகளின் உழைப்பு அது.

ஐந்நூறு பேர்! அவர்கள் பெயர்? இங்கேதான் தோழர்களே, என் குற்றச்சாட்டு என்னையே திரும்பிப் பார்க்கிறது. ஸ்தபதியின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு, அந்த ஐந்நூறு பேரை ‘முதலியோர்’ என்ற ஒரு சொல்லுக்குள் புதைத்துவிட்டால், நானும் அந்த மேதாவிக் கூட்டத்தின் இளைய உறுப்பினன்தான். கருத்து ஒருவருடையதாக இருக்கலாம்; கை ஐந்நூறு பேருடையது.

மாண்டவர்க்கு மாலை போடுவது எளிது. வாழ்கிறவர் என்ன ஆனார்? மீண்டும் அந்தச் சாலைக்கு வாருங்கள். 2015இல் உலகக் கைவினை மன்றம் மாமல்லபுரத்தைக் கற்சிற்பக் கைவினை நகரம் என்று அறிவித்தது. இவ்வூர்ச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகிழ்ச்சி! ஆனால் பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். உளியோசைக்கு நடுவே இன்று இயந்திரச் சக்கரத்தின் அலறல். கருங்கல்லை அது அறுக்கும்போது எழுகிறது வெண்புகை. புகையன்று அது, பொடி. கண்ணுக்குத் தெரிகிற பொடி மீசையில் படியும். தெரியாத பொடி நுரையீரலில் படியும். கல்லில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும். சிலிக்கோசிஸ் என்பது அந்நோயின் பெயர். வந்தபின் போக்க மருந்தில்லை. வருமுன் தடுக்க வழியுண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே அதை அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய் என்று பட்டியலிட்டது. ஆனால் இயந்திரம் வைத்துப் பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் பட்டறையை அச்சட்டம் தொழிற்சாலையாகவே பார்க்கவில்லை. கீற்றுக் கொட்டகைக்குள் நான்கு பேர் இருமினால் சட்டத்தின் காதில் அது விழுவதில்லை!

அதே சாலையின் தென்கோடியில் கல்பாக்கம். அங்கே 1983 முதல் அணு உலை இயங்கி வந்திருக்கிறது. உலைக்குள் நுழையும் தொழிலாளியின் மார்பைப் பாருங்கள். சிறு வில்லை ஒன்று குத்தப்பட்டிருக்கும். அவன் உடல்மீது எவ்வளவு கதிர் பட்டது என்று அது அளந்து வைக்கும். அளவு மிகுந்தால் அவனை விலக்கி வைக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி, மனிதனை மனிதனாக மதிக்கும் விதி. வேண்டாம் என்று யார் சொன்னார்? ஆனால் அங்கிருந்து அரைமணிப் பயணத்தில், கல்பொடியை அன்றாடம் மூச்சாக இழுப்பவன் மார்பில் என்ன இருக்கிறது? எந்த வில்லை? எந்த அளவு? எந்த எண்?

கேளுங்கள் தோழர்களே! துணைவனின் உடல் எடையை ஒரு கலைஞன் எண்ணி வைத்தான். உலகம் கண்ணீர் விட்டது. குறளின் அதிகாரத்தை ஒரு ஸ்தபதி எண்ணி வைத்தார். தமிழகம் தலை நிமிர்ந்தது. அணுத் தொழிலாளியின் மேனியில் படும் கதிரை அரசு எண்ணி வைக்கிறது. சிற்பியின் நெஞ்சில் படியும் பொடியை எண்ணுவார் மட்டும் இல்லை. எண்ணப்படாதவன், எண்ணத்திலும் இல்லாதவன்!

ஆகவே, வேண்டுகோளாக அல்ல, கடமையாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: குமரிச் சிலையைப் பற்றி மேடையில் பேசும் கழகத் தோழர் எவரும், வள்ளுவர் பெயரோடும் கலைஞர் பெயரோடும் கணபதி ஸ்தபதியின் பெயரையும் சொல்லாமல் ஒலிபெருக்கியை விட்டு இறங்கக் கூடாது. 2025 பிறந்தபோது வெள்ளிவிழா எடுத்தோம். ‘பேரறிவுச் சிலை’ என்று பெயர் சூட்டினோம். பாறைக்குப் பாறை கண்ணாடிப் பாலம் கட்டினோம். பாலம் கட்டிய நாம், பார்ப்பவன் கண்ணுக்கும் படைத்தவன் பெயருக்கும் இடையே ஒரு பாலம் கட்டுவோம்.

இரண்டு: ஆட்சியில் எவர் இருப்பினும், மாமல்லபுரத்துப் பட்டறைகளில் பொடியை அளக்கச் சொல்லுங்கள். நீர் தெளித்து அறுக்கும் முறைக்கும், பொடியை உறிஞ்சும் கருவிக்கும், ஏற்ற முகமூடிக்கும் உதவி கேளுங்கள். ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு சிற்பிக்கும் கட்டணமின்றி நெஞ்சுப்படம் எடுக்கச் சொல்லுங்கள். நலவாரிய அட்டை இருக்கிறது என்று விடை வரும். அட்டை மூச்சு விடாது; ஆள்தான் மூச்சு விட வேண்டும்!

மூன்று: இனி இந்நாட்டில் எழும் ஒவ்வொரு பொதுச் சிலையிலும், திறந்தவர் பெயர் பொறிக்கும் அதே கல்லில், அதே அளவு எழுத்தில், செதுக்கியவர்கள் அனைவரின் பெயரும் பொறிக்கப்பட வேண்டும்.

“இது நடக்கிற காரியமா?” என்பீர்கள். நடந்த காரியம்! மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. அதில் பல்லவர் கால எழுத்தில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன் என்று தொடரும் வரிசை. மன்னர் பெயர்கள் அல்ல அவை. இக்கடற்கரையில் கல்லோடு மல்லாடிய தச்சர்களின் பெயர்கள் என்று அறிஞர் கருதுகின்றனர். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னே, முடியாட்சி நாளில், உழைப்பாளி தன் பெயரைக் கல்லிலே எழுதி வைத்திருக்கிறான். குடியாட்சி நாளில் அவன் பேரன் பெயரை எழுத நம்மிடம் கல் இல்லையா, அல்லது மனம் இல்லையா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வாருங்கள். கடற்கரைக் கோயிலையும் ஐந்து தேர்களையும் கண்டு களியுங்கள். திரும்பும் வழியில் ஒரு பட்டறை முன் நில்லுங்கள். பொடி படிந்த அந்த மனிதனிடம், “இந்தச் சிலை என்ன விலை?” என்று கேட்காதீர்கள்.

“உங்கள் பெயர் என்ன ஐயா?” என்று கேளுங்கள்.